அதிபர் ‘தரமாட்டேன்’ என்றால்: நிர்வாகச் சிறப்புரிமை எதுவரை செல்லும் என்று பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் பெரிய அரசியல் விவகாரம் ஏதாவது வெடித்தால் கொஞ்ச நாளில் ‘எக்ஸிகியூட்டிவ் பிரிவிலேஜ்’ என்ற பேச்சு வந்துவிடும். தமிழில் நிர்வாகச் சிறப்புரிமை என்று சொல்லலாம். அதிபர் தன் ஆலோசகர்களோடு பேசியதையும், அவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்ததையும், நீதிமன்றமோ காங்கிரஸோ (செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) கேட்டாலும் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமை அது. இதைக் கேட்டதும் சிலர் ‘சரி, சட்டத்திலேயே இடம் இருக்கிறது, இனி ஒன்றும் வெளியே வராது’ என்று செய்தியை மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘அப்படியென்றால் தப்பு செய்திருக்கிறார்’ என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். அதிபர் சிறப்புரிமை கோருகிறார் என்றால் வழக்காட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அது செல்லுமா செல்லாதா என்பது யார் கேட்கிறார்கள், எந்தக் காகிதம், எதற்காக என்பதைப் பொறுத்து மாறும். சில கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் அதை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தில் இப்படி ஒரு உரிமை எழுதப்படவே இல்லை. ஆனால் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. 1791-ல் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் போன படை பூர்வகுடிகளிடம் படுதோல்வி அடைந்தது, அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபை அந்தத் தோல்விக்கான காகிதங்களைக் கேட்டது. வாஷிங்டன் தன் அமைச்சர்களைக் கூட்டிக் கலந்து பேசினார். வெளியிட்டால் நாட்டுக்குத் தீங்கு என்று தோன்றும் காகிதத்தை அதிபர் தர மறுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்துவிட்டு, கேட்ட காகிதங்களையும் கொடுத்துவிட்டார்கள். உரிமை எனக்கு உண்டு, ஆனாலும் இந்த முறை தருகிறேன் என்ற இந்தப் போக்கை இன்றைக்கும் பார்க்கலாம், பெரும்பாலான தகராறுகள் பேரம் பேசித்தான் முடிகின்றன.

முதலில் 1974-ஐத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தப் புதிய விவகாரத்தைப் படிப்பதற்கு முன்னாலும் வாட்டர்கேட் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா வக்கீல்களும் அங்கேதான் திரும்பிப் போகிறார்கள். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர் சொன்னது, இவர் மறுத்தது என்றே விசாரணை ஓடியது. 1973 ஜூலை 16 அன்று அலெக்ஸாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற முன்னாள் வெள்ளை மாளிகை அதிகாரி செனட் குழு முன்னால் உட்கார்ந்து, அதிபரின் அறையில் பேசுவதெல்லாம் தானாகவே டேப்பில் பதிவாகிறது என்று சொன்னார். அதற்குப் பிறகு ஓராண்டு முழுக்க ஒரே சண்டைதான்: டேப்பைக் கொடு, தரமாட்டேன்.

இந்தச் சண்டையில் ஒரு கட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே மாதிரியான பேரம் வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வருகிறது. 1973 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் டேப்புகளை நீதிபதி ஜான் சிரிகாவிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஒரு சமரசம் சொன்னார். டேப்பின் சுருக்கத்தை வெள்ளை மாளிகையே எழுதித் தரும், செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் டேப்பைக் கேட்டுப் பார்த்து சுருக்கம் சரிதான் என்று உறுதி சொல்வார். ஸ்டெனிஸுக்கு அப்போது 72 வயது, காது சரியாகக் கேட்காது. அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் இனிமேல் வேறு டேப் எதையும் நீதிமன்றம் மூலம் கேட்கக் கூடாது. காக்ஸ் முடியாது என்றார். அக்டோபர் 20 சனிக்கிழமை இரவு, அவரை நீக்கச் சொன்னதும் அட்டர்னி ஜெனரல் (நீதி இலாகாவின் தலைவர்) எலியட் ரிச்சர்ட்சன் ராஜினாமா செய்தார், அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்து வெளியேறினார், மூன்றாவது இடத்தில் இருந்த ராபர்ட் போர்க்தான் கடைசியில் கையெழுத்துப் போட்டார். நாடே கொதித்துப் போனது. சில நாளில் டேப்புகளைத் தர நிக்சன் சம்மதிக்க வேண்டி வந்தது. வந்த டேப்பில் ஒன்றில், திருடர்கள் பிடிபட்டு மூன்று நாளுக்குப் பின் நடந்த ஒரு பேச்சில், 18½ நிமிடம் அழிந்திருந்தது.

ஆகவே யாராவது ‘முழுசாகத் தர முடியாது, சுருக்கம் தருகிறோம்’ என்று சொன்னால் உடனே மூன்றைக் கேளுங்கள். சுருக்கத்தை எழுதுவது யார்? அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது யார்? இதை வாங்கிக்கொண்டால் அடுத்து கேட்கும் உரிமை போய்விடுமா? ஸ்டெனிஸ் சமரசத்தில் மூன்றாவது கேள்விக்கான பதில்தான் காக்ஸை மறுக்க வைத்தது. 1974 ஏப்ரலிலும் நிக்சன் இதையேதான் பெரிய அளவில் செய்தார், வெட்டித் திருத்திய உரையாடல்களை 1,200 பக்கத்துக்கு மேல் அச்சடித்து, தொலைக்காட்சியில் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு பேசினார். புதிய சிறப்பு வழக்கறிஞர் லியோன் ஜவோர்ஸ்கி 64 உரையாடல்களின் அசல் டேப்பைக் கேட்டுச் சம்மன் வாங்கியிருந்தார், அவர் அந்த அடுக்கைப் பார்த்து மயங்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூலை 24 அன்று 8-0 என்று தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சனே நியமித்தவர். நிக்சனின் நீதி இலாகாவில் வேலை பார்த்த ரென்க்விஸ்ட் மட்டும் விலகிக்கொண்டார். தீர்ப்பு சொன்னதை எளிதாகச் சொன்னால் இப்படி. சிறப்புரிமை உண்டு, அது நியாயமானதும்கூட, நாளைக்குப் பத்திரிகையில் வரும் என்ற பயம் இருந்தால் எந்த ஆலோசகரும் அதிபரிடம் மனம் விட்டுப் பேசமாட்டார். ஆனால் அதன் எல்லை எது என்று தீர்மானிப்பது நீதிமன்றம், அதிபர் இல்லை. ராணுவ, வெளியுறவு ரகசியம் என்று குறிப்பாகச் சொல்லாமல், பொதுவாக ரகசியம் காக்க வேண்டும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், நடந்துகொண்டிருக்கும் ஒரு குற்ற வழக்குக்கு இந்தச் சாட்சியம் வேண்டும் என்று காட்டப்பட்ட தேவைக்கு முன்னால் அது நிற்காது.

டேப்புகள் வெளியே வந்தன. 1972 ஜூன் 23 அன்று பதிவான பேச்சு எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பிடிபட்டவர்களிடம் போன பணத்தின் தடத்தை எஃப்பிஐ பின்தொடர்ந்துகொண்டிருக்கிறது, சிஐஏ அதிகாரிகளை விட்டு எஃப்பிஐயை விலகச் சொல்லலாம் என்று தலைமை உதவியாளர் ஹால்ட்மேன் சொல்ல, நிக்சன் சரி என்று ஒப்புக்கொள்கிறார். 1974 ஆகஸ்ட் 5 அன்று அது வெளியானது, ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவியில் இல்லை. எந்த ரகசியத்தைக் காக்க இரண்டு அரசு வக்கீல் படைகள் ஓராண்டு மோதினவோ, அதற்குள் நாட்டின் பாதுகாப்பு என்று எதுவுமே இல்லை.

யார் கோருகிறார்கள்?

இனி உங்கள் முன்னால் இருக்கும் செய்திக்கு வாருங்கள். சிறப்புரிமை கோரப்பட்டது என்று இருந்தால், கோரியது யார் என்று தேடுங்கள். அது அதிபருடைய உரிமை. உதவியாளரோ அமைச்சரோ தானாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1982-ல் அதிபர் ரேகன் தன் நிர்வாகத்துக்கு அனுப்பிய குறிப்பிலேயே, காங்கிரஸ் கேட்கும் தகவலுக்கு அதிபரின் நேரடி அனுமதி இல்லாமல் சிறப்புரிமை கோரக் கூடாது என்று இருக்கிறது. பல நேரம் சாட்சி ‘அதிபர் ஒருவேளை சிறப்புரிமை கோரலாம், அதனால் நான் பதில் சொல்லவில்லை’ என்பார். அது சிறப்புரிமை ஆகாது.

பீட்டர் நவரோ வழக்கு இதற்குச் சரியான உதாரணம். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்த கலவரத்தை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு, டிரம்பின் ஆலோசகராக இருந்த அவரைக் கூப்பிட்டது, டிரம்ப் சிறப்புரிமை கோரியிருக்கிறார் என்று சொல்லி அவர் போகவில்லை. நீதிபதி அமித் மேத்தா, டிரம்ப் அப்படிக் கோரினார் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார், காட்ட முடியவில்லை. 2023-ல் நவரோ குற்றவாளி என்று தீர்ப்பானது, 2024-ல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். டிரம்பின் இன்னொரு முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானனும் அதே குழுவிடம் போகாமல் அதே ஆண்டில் நான்கு மாதம் சிறையில் இருந்தவர். அவரைப் பற்றிப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு, அவர் வெள்ளை மாளிகை வேலையை விட்டது 2017 ஆகஸ்டில். குழு கேட்டதோ 2020-21-ல் நடந்ததைப் பற்றி.

அதிபர் பதவியை விட்டு இறங்கியவர் கோரினால்? கொஞ்சம் உண்டு, நிறைய இல்லை. 1977-ல் நிக்சன் தன் டேப்புகளையும் காகிதங்களையும் அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்துப் போட்ட வழக்கில், முன்னாள் அதிபரும் சிறப்புரிமை பேசலாம், ஆனால் பதவியில் இருப்பவர் அதை ஆதரிக்காதபோது அதன் பலம் குறைவு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜனவரி 6 காகிதங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் தரக் கூடாது என்று டிரம்ப் 2021-ல் வழக்குப் போட்டார், பதவியில் இருந்த பைடன் தரலாம் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டிரம்ப் தோற்றார், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தடுக்க மறுத்துவிட்டது. ஆனால் இதை ‘முன்னாள் அதிபருக்கு உரிமை கிடையாது’ என்று எழுதினால் தவறு. அவர் பதவியில் இருந்திருந்தாலும் இந்தக் காகிதங்களுக்கு அந்தக் கோரிக்கை தோற்றிருக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டதால், முன்னாள் என்பது இங்கே முடிவை மாற்றவில்லை என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

யாருடைய பேச்சு, எந்தக் காகிதம்?

செய்திகளில் இது ரொம்பவே குழம்பிப் போய் வருகிறது. சிறப்புரிமை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, அதிபருடைய சொந்தப் பேச்சும் முடிவெடுப்பும்: அவர் பேசியது, அவருக்காக வெள்ளை மாளிகையின் மூத்த ஆலோசகர்கள் தயார் செய்தது. இதற்குப் பலம் அதிகம். இன்னொன்று, ஏதோ ஒரு துறைக்குள் அதிகாரிகள் முடிவுக்கு முன்னால் தங்களுக்குள் விவாதித்தது. இதற்குப் பலம் குறைவு. 1997-ல் முன்னாள் வேளாண் அமைச்சர் மைக் எஸ்பி மீதான விசாரணையில் வந்த தீர்ப்பு இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. துறை விவாதத்துக்கான பாதுகாப்பு, அரசுக்குள் முறைகேடு நடந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அப்படியே விழுந்துவிடும். அதிபரின் பேச்சுக்கான பாதுகாப்பு அவ்வளவு சுலபமாக விழாது, தேவையைக் குறிப்பாகக் காட்ட வேண்டும்.

அதனால் அமைச்சர் ஒருவர் ஏதாவது ஆவணத்தை மறைக்கிறார் என்று படித்தால், அந்தக் காகிதம் அதிபரின் மேசைக்குப் போனதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கோரிக்கை பலவீனமான பக்கத்தில் நிற்கிறது. ஒபாமா காலத்து ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ விவகாரம் அப்படிப்பட்டது. மெக்சிகோ போதைக் கும்பல்களைப் பிடிக்கிறேன் என்று துப்பாக்கிகளைக் கைவிட்டுப் போக விட்ட அதிகாரிகளின் கதை அது. நீதி இலாகா 2011 பிப்ரவரியில் காங்கிரஸுக்குத் தவறான தகவலோடு ஒரு கடிதம் அனுப்பி, அதே ஆண்டு டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த இடைப்பட்ட காலத்தில் துறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சபை கேட்டபோதுதான் 2012 ஜூனில் ஒபாமா சிறப்புரிமை கோரினார். அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது, காங்கிரஸை அவமதித்தார் என்ற அவமதிப்புத் தீர்மானம் சபையில் 255-67 என்று நிறைவேறியது. பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவருக்கு அது முதல்முறை.

இந்த வழக்கிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 2016 ஜனவரியில் நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சன் காகிதங்களைத் தரச் சொன்னார், காரணம், அந்தத் துறை அதே விஷயங்களை ஏற்கெனவே வெளிப்படையான அறிக்கையில் போட்டுவிட்டது. ஆகையால் ‘இது ஏற்கெனவே வெளியே வந்ததா?’ என்று எப்போதும் கேட்க வேண்டும். சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் பைடனை விசாரித்த பேச்சின் எழுத்து வடிவத்தை 2024-ல் காங்கிரஸுக்குக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவுக்கு மட்டும் சிறப்புரிமை கோரினார்கள். வார்த்தைகள் வெளியே வந்தபின் குரலை மட்டும் மறைப்பதற்கு என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எந்தக் கட்சி அதிபர் செய்தாலும் இதே அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேட்பது யார்?

எனக்குக் கேட்டால் எல்லாக் கேள்விகளிலும் இதுதான் தலையாயது. அதே காகிதம், அதே அதிபர், ஆனால் கேட்பவர் மாறினால் முடிவு மாறும். 1974-ல் ஜவோர்ஸ்கி ஜெயித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு மே மாதம், அதே நிக்சனின் டேப்புகளைக் கேட்ட செனட் வாட்டர்கேட் குழு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த குழு அது! பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவிடம் ஏற்கெனவே பல டேப்புகளின் நகல் போய்விட்டது, சட்டம் இயற்றும் உங்கள் வேலைக்கு இவை கட்டாயம் தேவை என்று நீங்கள் காட்டவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிராண்ட் ஜூரியோ (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) குற்ற வழக்கோ கேட்டால் அதிபரின் நிலை பலவீனம். ஒரு ஆளின் குற்றமோ நிரபராதித்தனமோ அந்தக் குறிப்பிட்ட சாட்சியத்தில் தொங்குகிறது, வேறு எங்கும் அது கிடைக்காது. 1998-ல் மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் கிளின்டனின் உதவியாளர்கள் புரூஸ் லிண்ட்ஸியும் சிட்னி புளூமென்தாலும் சாட்சி சொல்லக் கூடாது என்று சிறப்புரிமை கோரப்பட்டது. நீதிபதி நார்மா ஹாலோவே ஜான்சன் உரிமை இருப்பதை ஏற்றுக்கொண்டு, ஆனாலும் கிராண்ட் ஜூரியின் தேவை அதைவிடப் பெரியது என்று சாட்சி சொல்லச் சொன்னார். கிளின்டன் தரப்பு அந்த வாதத்தையே பிறகு கைவிட்டது.

காங்கிரஸ் குழு கேட்டால் நடுத்தரம், எதற்காகக் கேட்கிறது என்று விளக்க வேண்டும். தனியார் போடும் சிவில் வழக்கு என்றால் அதிபரின் பக்கம்தான் கை ஓங்கியிருக்கும். துணை அதிபர் டிக் சேனியின் எரிசக்திக் குழு காகிதங்களைக் கேட்ட வழக்கில், 2004-ல் உச்ச நீதிமன்றம், இது குற்ற வழக்கு இல்லை, நிக்சன் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்று திருப்பி அனுப்பியது.

வராமலே இருக்க முடியுமா?

ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது வேறு, சம்மன் வந்தும் நாற்காலியில் வந்து உட்காரவே மறுப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிச் செய்தி தெளிவாகிவிடும். புஷ் காலத்தில் அரசு வழக்கறிஞர்களை மொத்தமாக நீக்கிய விவகாரத்தில், முன்னாள் வெள்ளை மாளிகை வக்கீல் ஹேரியட் மியர்ஸ் வரவே இல்லை. அதிபரின் நெருங்கிய ஆலோசகர்களைக் காங்கிரஸ் கூப்பிடவே முடியாது என்பது வெள்ளை மாளிகையின் வாதம். 2008 ஜூலை 31 அன்று நீதிபதி ஜான் பேட்ஸ், புஷ்ஷே நியமித்தவர், அப்படி ஒரு முழு விலக்கு கிடையாது, வாருங்கள், வந்து கேள்விக்குக் கேள்வி சிறப்புரிமை கோருங்கள் என்றார். 2019-ல் டிரம்பின் முன்னாள் வெள்ளை மாளிகை வக்கீல் டான் மெக்கானுக்கும் இதே பதிலைச் சொன்னவர், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன்.

நீதிபதி தனியாக அறையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்ப்பார் என்ற வழிமுறையும் இப்படிப்பட்டதுதான். சிரிகா டேப்பைத் தானே கேட்டு, வழக்குக்குச் சம்பந்தம் இல்லாததை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் அனுப்பினார். ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் மூடுவதற்கு எதிராக நீதிமன்றங்களிடம் உள்ள சிறந்த கருவி இது. ஒரு தரப்பு இதற்குக்கூடச் சம்மதிக்க மறுத்தால், நான் அதைக் கவலையோடுதான் பார்ப்பேன்.

வேறு எதையாவது சிறப்புரிமை என்கிறார்களா?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிபர் மீது குற்ற வழக்குப் போட முடியுமா என்பது வழக்கு விலக்கு. 2024 ஜூலை 1 அன்று டிரம்ப் வழக்கில் 6-3 என்று வந்தது அதைப் பற்றிய தீர்ப்பு, காகிதங்களைத் தருவது பற்றியது அல்ல, இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மறுப்பது ஐந்தாவது திருத்தம், அது சாமானியருக்கும் உண்டு. வக்கீலிடம் பேசியதை மறைப்பது இன்னொன்று. அப்புறம், எந்த உரிமையையும் பெயர் சொல்லாமல் மொத்தமாக ஒத்துழைக்க மறுப்பது. 2019-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணைக்குக் காரணமான உக்ரைன் விவகாரத்தில் வெள்ளை மாளிகை வக்கீல் பேட் சிபொலோனி எழுதிய கடிதம் இந்த ரகம். விசாரணையே செல்லாது என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தியது. அதிபர் முறைப்படி கோரினாரா, எந்தெந்தக் காகிதத்துக்கு என்று பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள், பட்டியல் இல்லையென்றால் அந்தக் கோரிக்கையை நீதிமன்றத்தில் நிறுத்துவது கஷ்டம்.

காலண்டரைப் பாருங்கள்

சட்டப்படி யார் ஜெயிப்பார்கள் என்று கணித்தபின் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் காங்கிரஸ் கேட்கும் விவகாரங்களில் அதிபருக்கு உண்மையான கேடயம் நாட்கள்தான் என்று நான் நினைக்கிறேன், இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயமும்கூட. மெக்கானுக்கு 2019 ஏப்ரலில் சம்மன் போனது, அவர் மூடிய அறையில் பேசியது 2021 ஜூனில், அதற்குள் அந்த அதிபரே போய்விட்டார். ஹோல்டர் வழக்கில் 2012-ல் கோரிய சிறப்புரிமைக்கு உத்தரவு வந்தது 2016-ல். தோற்றாலும் லாபம் என்கிற நிலை.

அதனால் சம்மன் கொடுத்தவரிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று பாருங்கள். அவமதிப்புத் தீர்மானம் போட்டால் அது குற்ற வழக்காகப் போக வேண்டும், வழக்குப் போட வேண்டியது அதிபரின் கீழ் இருக்கும் அரசு வழக்கறிஞர். 1982 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் ஆன் கோர்ஸச் மீது தீர்மானம் நிறைவேறியபோது, அரசு வழக்கறிஞர் அதைக் கிராண்ட் ஜூரியிடம் கொண்டுபோகவில்லை. மாறாக, நீதி இலாகா பிரதிநிதிகள் சபை மீதே வழக்குப் போட்டது! நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார், கடைசியில் பேசி முடித்துக் காகிதங்களைக் காட்டினார்கள், 1983 மார்ச்சில் கோர்ஸச் பதவி விலகினார். பானன், நவரோ விஷயத்தில் வழக்கு நடந்ததற்குக் காரணம் அப்போது வெள்ளை மாளிகையில் வேறு கட்சி இருந்தது. அதே காலத்தில் டிரம்பின் வெள்ளை மாளிகை உதவியாளர்களாக இருந்த மார்க் மெடோஸ், டான் ஸ்கவினோ இருவர் மீதும் தீர்மானம் போனது, நீதி இலாகா வழக்குப் போட மறுத்துவிட்டது. காங்கிரஸ் தானே ஆளைப் பிடித்து அடைக்கும் பழைய அதிகாரம் இன்னும் ஏட்டில் இருக்கிறது, 1930-களுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மிச்சம் இருப்பது சிவில் வழக்கு, அதன் வேகத்தை மேலே பார்த்தீர்கள்.

பதவிநீக்க விசாரணை தொடங்கிவிட்டால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். 1974 ஜூலை 30 அன்று நீதிக் குழு நிக்சன் மீது நிறைவேற்றிய மூன்றாவது குற்றச்சாட்டு, குழுவின் சம்மன்களை அவர் மதிக்கவில்லை என்பதுதான், 21-17. டிரம்ப் மீது 2019 டிசம்பரில் சபை நிறைவேற்றிய இரண்டாவது குற்றச்சாட்டும் அதேதான், செனட் அதை ஏற்கவில்லை. மறுப்பதே குற்றச்சாட்டாக மாறலாம், ஆனால் அதற்கு வாக்குகள் வேண்டும்.

ரேகன் இதை வேறு மாதிரி கையாண்டார். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் காங்கிரஸ் விசாரித்தபோது சிறப்புரிமை கோராமல் உதவியாளர்களைச் சாட்சி சொல்ல விட்டார், தன் டைரிக் குறிப்புகளையும் காட்டினார். அவர் பதவியில் தொடர்ந்தார். எல்லா விவகாரத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கோராமல் இருப்பதும் ஒரு வழிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக, செய்தியில் சம்மன் தேதியைப் பார்த்ததும் அடுத்த காங்கிரஸ் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 3 அன்று, பிரதிநிதிகள் சபை புதிதாகக் கூடுகிறது, பழைய சபையின் சம்மன்கள் அதோடு காலாவதி ஆகின்றன, வேண்டுமென்றால் புதிய சபைதான் மறுபடி கொடுக்க வேண்டும். மியர்ஸ் வழக்கில் பேட்ஸ் அவ்வளவு தெளிவாகத் தீர்ப்புக் கொடுத்தும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 அக்டோபரில் அதை நிறுத்திவைத்தது, இந்தக் காங்கிரஸ் முடியப் போகிறது, அதற்குள் முழுசாகத் தீர்க்க முடியாது என்று. 2009 மார்ச்சில், புஷ் பதவி விட்டுப் போனபின், சமரசம் ஆனது. மியர்ஸ் அந்த ஜூன் மாதம் மூடிய அறையில் பதில் சொன்னார்.